‘மற்றவை’ என்ற பெட்டி: வேர்மண்ணின் பற்றீரியாக்களுக்குப் பெயர் வந்த வரலாறு

முறிகண்டியில் பஸ் நின்றால் கச்சான் வாங்காமல் திரும்பி ஏறுகிற ஆக்கள் குறைவு. வறுத்த கச்சானை எல்லாருக்கும் தெரியும். கச்சான் செடியைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். வேரில் கடுகளவில், மிளகளவில் சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. பள்ளிக்கூடத்தில் அதை வேர்ச்சிறுகணு என்று படித்தோம். உள்ளே பற்றீரியா இருக்கிறது, அது வளியிலுள்ள நைதரசனைப் பதிக்கிறது, அதன் பெயர் ரைசோபியம். இவ்வளவும் எழுதினால் முழுப்புள்ளி.

சரி, மாங்குளத்துக் கச்சான் வேரில் இருக்கிறது உண்மையில் ரைசோபியம்தானா? அநேகமாக இல்லை. உலகத்தில் பல இடங்களில் கச்சானின் கணுக்களைத் திறந்து பார்த்தபோது பெரும்பாலும் கிடைத்தது பிராடிரைசோபியம் என்கிற வேறொரு சாதி. (எங்கட உயிரியல் புத்தகங்களில் ‘சாதி’ என்பது இனங்களைச் சேர்த்துக் கட்டுகிற பெரிய பிரிவு. தமிழ்நாட்டில் ‘பேரினம்’ என்பார்கள். மனிசருக்குள்ள பார்க்கிற சாதியோடு குழப்பவேண்டாம்.) அந்தச் சாதிக்குள்ளும் பல இனங்கள் உண்டு. கச்சானுக்கும் பயறுக்கும் உழுந்துக்கும் கௌபிக்கும் வேலை செய்கிற பற்றீரியாக்களுக்கு ஒழுங்கான பெயர் வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அதே காலத்தில் ஐரோப்பியப் பட்டாணிக்கும் குளோவர் புல்லுக்கும் வேலை செய்கிற பற்றீரியாக்கள் பெயரும் விலாசமுமாக இருந்தன. ஏன் அப்படி நடந்தது, அதால எங்களுக்கு என்ன நட்டம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பட்டாணியில் தொடங்கிய கதை

அவரைக் குடும்பப் பயிர் போட்ட நிலத்தில் அடுத்த பயிர் செழிக்கும் என்பது உலகத்து விவசாயிகளுக்கு எப்போதோ தெரிந்த விசயம். காரணம் தெரிந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஜேர்மனியில் ஹெல்றீகல் என்பவர் கிருமிநீக்கிய மணலில் பட்டாணி வளர்த்தார். நைதரசன் உரம் போடாத சட்டியில் செடி வாடியது. அதே மணலில் கொஞ்சம் வயல்மண்ணைக் கரைத்த நீரை ஊற்றினால் செடி எழும்பியது, வேரில் கணுவும் வந்தது. அப்படியென்றால் மண்ணில் உயிருள்ள ஏதோ ஒன்று இந்த வேலையைச் செய்கிறது. 1886இல் அவர் இதைப் பேர்லினில் அறிவித்தார். இரண்டு வருடம் கழித்து, 1888இல், நெதர்லாந்தின் பையரிங்க் கணுவுக்குள் இருந்த பற்றீரியாவைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். 1889இல் ஃபிராங்க் அதற்கு ரைசோபியம் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் வேரும் வாழ்வும் சேர்ந்த சொல்.

பெயர் வந்த சூட்டோடு வியாபாரமும் வந்தது. நொப்பே, ஹில்ட்னர் என்ற இரண்டு ஜேர்மானியர்கள் 1896இல் இந்தப் பற்றீரியாவைப் போத்தலில் அடைத்து விதையோடு கலக்கிற முறைக்குக் காப்புரிமை எடுத்தார்கள். அதே லொறென்ஸ் ஹில்ட்னர்தான் 1904இல் வேரைச் சுற்றியுள்ள மண்ணுக்கு ஒரு தனிப்பெயர் கொடுத்தவர். தமிழில் வேர்மண்டலம் எனலாம். வேர் சும்மா தண்ணீர் உறிஞ்சுகிற குழாய் அல்ல. சீனியும் அமிலமும் வேறு பல பொருட்களும் வேரிலிருந்து கசிந்து மண்ணுக்குள் போகும். அதைத் தின்ன நுண்ணுயிர்கள் கூடும். வேரை ஒட்டிய சில மில்லிமீற்றர் மண்ணில் இருக்கிற கூட்டம், ஒரு சாண் தள்ளியுள்ள மண்ணில் இருக்கிற கூட்டத்தைவிடப் பல மடங்கு அடர்த்தியானது, ஆக்களும் வேறு. கிட்டத்தட்ட கோயில் திருவிழாக் கடைத்தெரு மாதிரி. செடிக்கு உதவுகிறவையும் அங்கேதான், நோய் கொண்டுவருகிறவையும் அங்கேதான்.

‘மற்றவை’

இந்தக் கூட்டத்தை எப்படி வகைப்படுத்துவது? அந்தக் காலத்து ஆய்வாளர்கள் ஒரு நடைமுறை வழி கண்டார்கள். ஒரு பயிரின் கணுவிலிருந்து எடுத்த பற்றீரியா இன்னொரு பயிரிலும் கணு உண்டாக்கினால் இரண்டு பயிரும் ஒரே கூட்டம். 1932இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் ஃபிரெட், போல்ட்வின், மக்கோய் மூவரும் வெளியிட்ட பெரிய நூல் இந்த முறையை நிலைநிறுத்தியது. பட்டாணிக்கு ஒரு இனம், குளோவருக்கு ஒரு இனம், போஞ்சிக்கு ஒன்று, குதிரைமசாலுக்கு ஒன்று, லூப்பினுக்கு ஒன்று, சோயாவுக்கு ஒன்று. ஆறு பயிர்க் கூட்டம், ஆறு இனப்பெயர்.

ஏழாவதாக ஒரு கூட்டம் இருந்தது. கௌபி, கச்சான், பயறு, துவரை எல்லாம் அதற்குள். அதற்கு இனப்பெயர் கிடையாது. ‘கௌபி வகையறா’ என்ற அர்த்தத்தில் ஒரு பொதுப்பெயரால் சுட்டினார்கள். கடையில் சாமான் பட்டியல் எழுதும்போது கடைசியில் ‘மற்றவை’ என்று போடுவோமே, அந்த மாதிரி. வெப்பவலயத்துச் சனம் காலம் காலமாக விதைத்துத் தின்ற பயறு வகைகள் அந்த ‘மற்றவை’ப் பெட்டிக்குள் கிடந்தன.

இதில் சதி ஒன்றும் இல்லை. ஆய்வுகூடம் எங்கே இருந்ததோ அந்த ஊர்ப் பயிர்தான் முதலில் மேசைக்கு வந்தது. குளோவரும் குதிரைமசாலும் அங்கத்தைய மாட்டுத் தீனி, அதாவது பாலும் இறைச்சியும் பணமும். இன்னொரு காரணம் உயிரியல் சார்ந்தது. வெப்பவலயப் பயறுகளின் பற்றீரியாக்கள் ஆளுக்கு ஆள் கைமாறிப் பல பயிர்களிலும் கணு போடும், ஒழுங்காக வரிசைக்குள் நிற்காது. உண்மையில் அந்த வரிசையே பிழை. 1944இல் ஜே. கே. வில்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தக் கூட்டங்களைக் கைவிட ஐந்நூறுக்கு மேற்பட்ட காரணங்கள் உண்டு என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை வெளியிட்டார். கூட்டம் தாண்டிக் கணு உண்டாகிய உதாரணங்கள் அத்தனை அவரிடம் இருந்தன.

ஆனாலும் பழைய முறை இலேசில் போகவில்லை. 1982இல் கனடாவின் ஜோர்டன், மெதுவாக வளர்கிறவற்றை ரைசோபியத்திலிருந்து பிரித்து பிராடிரைசோபியம் என்ற புதிய சாதியாக்கினார். ‘பிராடி’ என்றால் கிரேக்கத்தில் மெதுவான. வளர்ப்பூடகத்தில் பட்டாணிப் பற்றீரியா இரண்டு மூன்று நாளில் கண்ணுக்குத் தெரியும், இவற்றுக்கு ஒரு கிழமை வேண்டும். அந்தப் புதிய சாதிக்குள் அப்போது இனப்பெயர் கிடைத்தது ஒன்றுக்குத்தான், சோயாவின் பற்றீரியாவுக்கு. கௌபியின், கச்சானின் பற்றீரியாக்களுக்கு சாதிப்பெயர் கிடைத்தது, இனம் என்ற இடத்தில் வெற்றிடம், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பயிரின் பெயர். ஐம்பது வருடம் கழித்தும் ‘மற்றவை’தான்.

ஒரு பெயருக்கு என்ன செலவு?

இன்றைக்கு ஒரு பற்றீரியாவைப் புதிய இனம் என்று சொல்ல என்ன செய்யவேண்டும் என்று பார்த்தால், பெயரில்லாமல் கிடப்பதன் காரணம் இன்னும் விளங்கும்.

முதலில் செடியை வேரோடு கிண்டி எடுத்து, தொங்குகிற மண்ணை உதறிவிட்டு, வேரில் ஒட்டி நிற்கிற மண்ணை மட்டும் கிருமிநீக்கிய நீரில் கழுவி எடுப்பார்கள். அந்த நீரைப் பத்தில் ஒன்றாக, நூறில் ஒன்றாக, ஆயிரத்தில் ஒன்றாக ஐதாக்கி வளர்ப்பூடகத் தட்டில் பரப்புவார்கள். ஐதாக்கினால்தான் ஒவ்வொரு உயிரும் தனித்தனிப் புள்ளியாக வளரும். ஒரு புள்ளியைத் தொட்டு எடுத்துத் திரும்பத் திரும்பக் கீறி, கலப்பில்லாத வளர்ப்பாக்குவார்கள். மண்ணிலுள்ள பற்றீரியாக்களில் நூற்றில் ஒன்றுதான் இப்படித் தட்டில் வளர ஒத்துக்கொள்ளும் என்பது நீண்டகாலமாகச் சொல்லப்படுகிற கணக்கு. அதால எந்தச் சாப்பாடு வைத்துக் கூப்பிடுகிறோம் என்பதுதான் யார் வருகிறார்கள் என்பதைத் தீர்மானிக்கும். நைதரசன் பதிக்கிறவை வேண்டுமென்றால் நைதரசனே இல்லாத ஊடகம் வைக்கவேண்டும். வளியிலிருந்து எடுக்கத் தெரிந்தவன் மட்டும் பிழைப்பான்.

பிறகு விசாரணை. என்ன வடிவம், நீந்துமா, எந்தச் சீனியைத் தின்னும், எவ்வளவு உப்புத் தாங்கும், எந்த வெப்பநிலையில் வளரும். அதற்குப் பிறகு மரபணு. 1977இல் கார்ல் வூஸும் ஜோர்ஜ் ஃபொக்ஸும் ரைபோசோமில் உள்ள ஓர் ஆர்.என்.ஏ துண்டை ஒப்பிட்டு உயிர்களின் உறவுமுறையைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். ஏறத்தாழ 1,500 எழுத்து நீளமான அந்தத் துண்டு எல்லாப் பற்றீரியாவிலும் உண்டு. அறியப்பட்ட இனத்தோடு ஒப்பிட்டு 98.7 வீதத்துக்குக் குறைவாக ஒத்தால் இது புதிய இனமாக இருக்கக்கூடும். அதைவிட நெருக்கமென்றால் முழு டீ.என்.ஏயையும் ஒப்பிடவேண்டும். முழு மரபுத்தொகுதி 95, 96 வீதத்துக்கு மேல் ஒத்தால் ஒரே இனம் என்பது இப்போதைய வழக்கம்.

இவ்வளவும் செய்தாலும் பெயர் வராது. முன்னொரு காலத்தில் ஆளாளுக்குப் பெயர் வைத்து, ஒரே பற்றீரியாவுக்குப் பல பெயரும், எந்தப் பற்றீரியா என்றே தெரியாத பெயர்களும் குவிந்து கிடந்தன. 1980 ஜனவரி 1இல் அந்தத் துறை ஒரு துணிச்சலான காரியம் செய்தது. அங்கீகரிக்கப்பட்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டு, அதில் இல்லாத பழைய பெயர்களின் உரிமையையெல்லாம் முடித்துவைத்தது. பெயர்க்குவியலில் ஒரு சிறு பங்குதான் தப்பியது. 2001இலிருந்து இன்னொரு விதி: புதிய இனத்தின் உயிருள்ள மாதிரியை, குறைந்தது இரண்டு வேறு நாடுகளில் உள்ள பொதுச் சேமிப்பகங்களில் வைக்கவேண்டும். உலகத்தில் ஆர் கேட்டாலும் கிடைக்கவேண்டும்.

இந்த விதியைத்தான் கவனிக்கச் சொல்லுறன். ஒரு பற்றீரியாவின் பெயர் என்பது கடதாசியில் எழுதுகிற லத்தீன் சொல் மட்டுமல்ல. எங்கோ ஒரு குளிர்ப்பெட்டியில், உலர்த்தி மூடிய கண்ணாடிக் குப்பியில், உயிரோடு காத்திருக்கிற ஒரு மாதிரிக்கான விலாசம் அது. பெயரை விடுங்கோ, அந்தக் குப்பிதான் சொத்து.

பக்கத்து வீட்டில் நடந்தது

இது எங்கட பக்கத்துக்கு எட்டாத வேலை என்று நினைக்கத் தேவையில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், சிதம்பரத்துக்குக் கிட்ட உள்ள பிச்சாவரம் போன்ற முகத்துவாரக் கண்டல் காடுகளில் ஒரு காட்டுநெல் வளரும். போர்டெரேசியா கோஆர்க்டாட்டா என்பது அதன் பெயர். உப்புத்தண்ணீர் ஏறி இறங்குகிற சேற்றில் நின்று, உறிஞ்சிய உப்பை இலையிலுள்ள நுண்ணிய மயிர்கள் வழியாக வெளியே தள்ளிவிடுகிற புல். நெல்லுக்குச் சொந்தம், ஆனால் நெல் செத்துப்போகிற இடத்தில் வாழும்.

சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் லோகநாதன், சுதா நாயர் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் காட்டுநெல்லின் வேர்மண், வேர், தண்டு மூன்றிலிருந்தும் பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்தார்கள். நைதரசன் இல்லாத, கொஞ்சம் புளிப்பான, பாதி இறுகிய ஊடகத்தைப் பாவித்தார்கள். கிடைத்தவை மூன்று வீத உப்பிலும் நன்றாக வளர்ந்தன. நைதரசன் பதித்தன. மண்ணில் கரையாமல் கிடக்கிற பொசுபேற்றைக் கரைத்துக் கொடுத்தன, அதையும் உப்புக்குள்ளேயே செய்தன. வினாகிரிப் பற்றீரியாக்களின் குடும்பம்தான், ஆனால் அறியப்பட்ட எந்தச் சாதிக்குள்ளும் அடங்கவில்லை. 2004இல் அவர்கள் புதிய சாதியும் புதிய இனமுமாக அதை அறிவித்தார்கள்: சுவாமிநாதனியா சாலிடோலெரன்ஸ். ‘உப்பைத் தாங்கும் சுவாமிநாதனியா’. மாதிரியின் ஒரு பிரதி சண்டிகாரில் உள்ள இந்தியச் சேமிப்பகத்தில், இன்னொன்று பெல்ஜியத்தின் கெண்ட் நகரில்.

பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கும்பகோணத்தில் 1925இல் பிறந்த சுவாமிநாதன், இந்தியப் பசுமைப் புரட்சியின் முகம். யூரியாவைக் குடிக்கிற குட்டை நெல், குட்டைக் கோதுமைகளோடு சேர்த்து அவரை மெச்சுகிறவர்களும் உண்டு, திட்டுகிறவர்களும் உண்டு. அவருடைய பெயரைச் சுமக்கிறது, யூரியா இல்லாமல் நைதரசன் எடுக்கத் தெரிந்த ஒரு நுண்ணுயிர்.

இந்தப் பெயர் தானாக வந்ததல்ல. 1988இல் தொடங்கிய நிறுவனம், கண்டல் நிலங்களில் தொடர்ந்து செய்த வேலை, சண்டிகாரில் ஒரு தேசியச் சேமிப்பகம் எல்லாம் முன்பே இருந்தன. 2002இல் இந்தியா உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டமும் கொண்டுவந்தது. இந்திய உயிர்வளம் வெளிநாட்டாருக்குப் போகவேண்டுமென்றால் தேசிய ஆணையத்தின் அனுமதி தேவை. ஆர் கேட்டாலும் கொடு என்று உலக விதி சொல்ல, கேட்காமல் கொடுக்காதே என்று நாட்டுச் சட்டம் சொல்லுது. இழுபறிதான். ஆனால் அந்த இழுபறிக்குள் இறங்கவே கையில் ஒரு குப்பி இருக்கவேண்டும்.

எல்லா இடத்திலும் உள்ளூர் நிறுவனமே இதைச் செய்தது என்றும் இல்லை. ஆபிரிக்காவின் நமீபியாவில் கவாங்கோ என்று ஒரு பிரதேசம். மணல் மண், நம்பமுடியாத மழை, கௌபியும் கச்சானும் பம்பாராக் கடலையும் போடுகிற சிறு விவசாயிகள். வன்னி ஆளுக்கு அந்நியமாகத் தெரியாது. அங்கத்தைய கணுக்களிலிருந்து ஜேர்மனியின் பிரேமன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015, 2016இல் பிராடிரைசோபியத்தின் புதிய இனங்களை விபரித்தார்கள். ஒன்றின் பெயர் கவாங்கென்ஸே. ‘மற்றவை’ப் பெட்டியிலிருந்து ஒரு ஊர் தன் பெயரோடு வெளியே வந்தது. நல்ல விசயம்தான். ஆனால் பெட்டியைத் திறந்த கை பிரேமனிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும்.

இலங்கையில் பெயர் ஒரு கப்பலைத் திருப்பியது

இலங்கையில் இந்த அறிவு இல்லாமல் இல்லை. பேராசிரியர் எஸ். ஏ. குலசூரிய பேராதனையிலும் கண்டியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்திலும் நைதரசன் பதிக்கும் உயிர்களில் பல காலம் வேலை செய்தவர். அவருடைய குழு உள்நாட்டிலேயே தயாரித்த ரைசோபிய விதைக்கலவை சோயா விவசாயிகளின் கைக்குப் போனது, யூரியாவின் தேவையைக் குறைத்தது. அதாவது செய்து காட்டிய வழி இருக்கிறது. பரவாததுதான் பிரச்சினை.

பரவாததன் விலை 2021இல் தெரிந்தது. அந்த வருடம் மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானியில் தடைசெய்யப்பட்டது. இயற்கைக்குத் திரும்புறம் எண்டு சொன்னார்கள். காலபோகத்துக்குத் தேவையான நைதரசன் எங்கிருந்து வரும்? சீனாவின் சிங்டாவ் சீவின் நிறுவனத்திடம் சேதன உரம் வாங்க ஒப்பந்தமாகியது. வந்த மாதிரிகளைச் சோதித்த தேசிய தாவரத் தடுப்புக்காப்புச் சேவை, அதில் தீங்கான பற்றீரியா இருப்பதாகச் சொன்னது. பெயர்: எர்வினியா. ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் உரத்தோடு கடலில் அலைந்தது. நிறுவனம் சோதனை முடிவை ஏற்கவில்லை. கொடுப்பனவு நின்றதால் சீனத் தூதரகம் ஒக்டோபரில் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில், 2022 ஜனவரியில், நிலத்தில் ஒரு பிடிகூட விழாத உரத்துக்கு இலங்கை ஏறத்தாழ 67 இலட்சம் டொலர் கட்டியது. டொலர் இல்லாமல் நாடே வரிசையில் நிற்கத் தொடங்குகிற நேரம் அது.

‘எர்வினியா’ என்ற சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் சச்சரவின் அடி தெரியும். தாவரநோய் ஆய்வாளர் எர்வின் ஸ்மித்தின் பெயரால் 1917இல் வந்த சாதி அது. ஆப்பிளையும் பேரியையும் கருக்குகிற நோயின் கிருமி அதற்குள். கிழங்கையும் மரக்கறியையும் அழுகவைக்கிறவையும் அதற்குள். இலைமேல் பெரும்பாலும் தீங்கில்லாமல் வாழ்கிறவையும் அதற்குள். பிறகு பெட்டியைப் பிரித்தார்கள். 1989இல் ஒரு பகுதி பன்டோயா என்ற சாதிக்குப் போனது. அழுகவைக்கிறவை 1998க்குப் பிறகு பெக்டோபக்டீரியம், 2005இல் டிக்கேயா என்று பிரிந்தன. ஆகவே ‘எர்வினியா இருக்கு’ என்றால் அடுத்த கேள்வி ‘எந்த இனம்?’ என்பது. சாதிப்பெயர் சந்தேகத்துக்குப் போதும், வழக்கு வெல்ல இனப்பெயரும் ஒப்பிட மாதிரியும் வேண்டும். தடுப்புக்காப்பு அதிகாரிகள் சந்தேகத்தில் நிறுத்தியது சரிதான், அது அவர்களுடைய கடமை. என் கேள்வி நாட்டைப் பற்றியது. மண்ணிலுள்ள உயிரைப் பெயர்சொல்லி அடையாளம் காண்கிற வேலையில் பல வருடமாகக் காசு போடாத நாடு, ஒரே இரவில் முழு விவசாயத்தையும் அந்த உயிர்களின் தலையில் ஏற்றியது. நவம்பரில் தடை நீங்கியது. அதற்குள் பயிர் மஞ்சளாகிவிட்டது.

வன்னி இரண்டு தடவை யூரியா இல்லாமல் விதைத்தது

தெற்கு விவசாயிக்கு 2021 புதிய அனுபவம். வன்னி விவசாயிக்கு இரண்டாம் தடவை. 1990களின் பொருளாதாரத் தடையில் வன்னிக்குப் போகக்கூடாத சாமான்களின் பட்டியலில் யூரியாவும் இருந்தது. வெடிமருந்தாகும் என்று காரணம். அந்தக் காலத்தில் சனம் மாட்டெருவும் பசளை இலையும் கொண்டு விதைத்தது. பயறு, உழுந்து போட்ட நிலத்தில் அடுத்த போகம் பரவாயில்லை என்ற பழைய அறிவு திரும்பவும் கைக்கு வந்தது. அந்த அறிவுக்குக் கீழே, வேரில், வேலை செய்தவர்கள் இந்தப் பெயரில்லாத பற்றீரியாக்கள்தான்.

அப்போது அவற்றைப் பிரித்து, பெயரிட்டு, சேமித்திருக்கலாமே என்று கேட்பது நியாயமில்லை. பற்றீரியாச் சேமிப்பகத்துக்குக் குளிர்ப்பெட்டி வேண்டும், குளிர்ப்பெட்டிக்குத் தடங்கலில்லாத மின்சாரம் வேண்டும். வன்னிக்குத் தேசிய மின்வழங்கலே இருக்கவில்லை. மாங்குளத்தில் ரயில் நிற்பதற்கே 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போர் முடிந்தபிறகு இந்த மண்ணை அங்குலம் அங்குலமாக, கையால் தடவிக் கிளறிப் பார்த்தவர்கள் கண்ணிவெடி அகற்றுகிற ஆக்கள், அதில் பெண்கள் கனபேர். மண்ணில் எங்களைக் கொல்லுறது என்ன இருக்கு என்ற கேள்விக்கு முதலில் பதில் தேவைப்பட்டது. எங்களை வாழவைக்கிறது என்ன இருக்கு என்ற கேள்வி அதற்குப் பின்னால் வரிசையில் நின்றது.

இப்போது அந்தக் கேள்வியைக் கேட்க நேரம் வந்திருக்கிறது. யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. 2021இலிருந்து வவுனியாவுக்குச் சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் உண்டு. மாங்குளம் இரண்டுக்கும் நடுவில், ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவுக்குத் திரும்புகிற சந்தியில். செங்கபில மண்ணும் மணல் மண்ணும் குளத்து வண்டலும் ஒரு நாள் மோட்டார்சைக்கிள் ஓட்டத்துக்குள் கிடைக்கும். கடற்கரைப் பக்கம் போனால் உப்பேறிய வயலும் கிடைக்கும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். ‘பெயர் வைச்சால் கச்சான் கூடக் காய்க்குமோ?’ காய்க்காது. ஒரே இனத்துக்குள்ளேயே ஒரு வளர்ப்பு நன்றாக நைதரசன் பதிக்கும், இன்னொன்று கணு மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். கணு போடுகிற மரபணுக்கள் ஒரு பற்றீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியவை என்பது 1990களில் நியூசிலாந்து வயல்களிலேயே காணப்பட்டது. ஆகவே இனப்பெயரை மட்டும் வைத்துப் பயன் சொல்ல ஏலாது. நெல்லுக்குக் கணுவும் இல்லை. அதன் வேர்மண்டலத்தில் வாழ்கிறவை தருகிற நைதரசன் பயறுக்குக் கிடைப்பதோடு ஒப்பிடக் குறைவு. யூரியாவுக்கு முழு மாற்று என்று சொல்லி ஆரும் பக்கெற் விற்றால் கவனமாக இருங்கோ.

பெயர் வேறொரு வேலை செய்கிறது. பெயரிட வெளிக்கிட்டால் பிரிக்கவேண்டும், ஒப்பிடவேண்டும், குறித்து வைக்கவேண்டும், உயிரோடு சேமிக்கவேண்டும். அந்த ஒழுங்கு வந்தால், பிறகு ஆரும் வந்து ‘உப்பைத் தாங்குகிறது எது? வறட்சியில் கணு போடுகிறது எது? இந்தக் கப்பலில் வந்தது எது?’ என்று கேட்டால் எடுத்துப் பார்க்க ஏதாவது இருக்கும்.

2022இல் இன்னொரு மாற்றம் வந்தது. தட்டில் வளர்க்காமல், மண்ணிலிருந்து நேரடியாக எடுத்த டீ.என்.ஏ வரிசையை வைத்தே பற்றீரியாவுக்குப் பெயர் வைக்க ‘சீக்கோட்’ என்ற புதிய விதித்தொகுப்பு வழிவிட்டது. வளர ஒத்துக்கொள்ளாத பெரும்பான்மைக்கு இது நல்லது. எங்களுக்கு இதில் இரண்டு பக்கம். ஒரு கரண்டி மண்ணை அனுப்பினால் போதும், குளிர்ப்பெட்டி தேவையில்லை. அதேநேரம், பெயரும் வரிசையும் வேறெங்கோ ஒரு கணினியில் இருக்கும், விதையோடு கலக்க எங்களிடம் ஒரு குப்பியும் இருக்காது. 1992இன் உலக ஒப்பந்தம் உயிர்வளம் அந்தந்த அரசின் இறைமைக்குட்பட்டது என்கிறது. அரசு என்றால் கொழும்பா, அந்த மண்ணை உழுகிற ஆளா என்று அது சொல்லவில்லை.

தொடங்குவதற்கு எவ்வளவு தேவை? நம்புங்கோ, மிகக் கொஞ்சம். பூக்கிற பருவத்தில் கச்சான், பயறு, உழுந்து, கௌபிச் செடியைக் கவனமாகக் கிண்டி எடுத்து, நல்ல இளஞ்சிவப்புக் கணுக்களைத் தெரிந்து, சின்னக் குப்பியில் அடியில் சிலிக்கா ஜெல், அதன்மேல் பஞ்சு, அதன்மேல் கணு என்று வைத்து இறுக மூடினால் உள்ளே உள்ள பற்றீரியா மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மின்சாரம் வேண்டாம். வெளியில் ஒரு துண்டு ஒட்டவேண்டும்: எந்தப் பயிர், எந்த ஊர், எந்த மண், எந்தத் திகதி, முன்பு அந்த நிலத்தில் என்ன நின்றது. உயர்தர உயிரியல் படிக்கிற பிள்ளைகள் ஒரு தவணையில் செய்யக்கூடிய வேலை. பிரிக்கிறதும் வரிசை வாசிக்கிறதும் பல்கலைக்கழகத்து வேலை, அதற்குக் காசு வேண்டும், கேட்கவேண்டும். ஆனால் குப்பி நிறைந்திருந்தால்தான் கேட்க முகாந்திரம் இருக்கும்.

அடுத்த காலபோக மழைக்குப் பிறகு கச்சான் பூக்கும். துண்டில் ஊர்ப்பெயர் எழுதும்போது ‘வன்னி’ என்று பொதுவாக எழுதிவிடாதேயுங்கோ. மாங்குளம், ஒலுமடு, அம்பகாமம் என்று குறிப்பாக எழுதுங்கோ.